முன்பக்கம் கொக்கி இல்லாத வண்டி

"நம்ம வண்டி இழுக்கும்லா, இழுபடாது. எழுதி வச்சுக்குங்க!"

புக்கிட் ரோத்தானில் ஒரு கல்யாண மண்டபத்தில், கையில் பாயசக் குவளையோடு சுகுமாறன் இப்படி அறிவித்தபோது யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே அதை இரும்பில் எழுதினார். தம் பழைய பிக்கப்பின் பின்பக்கத்தில், யானையைக் கட்டினாலும் தாங்கும் அளவுக்கு ஒரு கொக்கியைப் பற்றவைத்தார். பிறகு முன்பக்கம் சுற்றி வந்து, வண்டி பிறந்தபோதே இருந்த கொக்கியை அறுத்து எறிந்தார். பின்கொக்கி, சேற்றில் மாட்டிக்கொண்ட மற்றவர்களை இழுத்துவிட. முன்கொக்கி எதற்கு? "முன்னாடி கொக்கி வச்சிருக்கிறவன், மாட்டிக்குவேன்னு முன்னாடியே ஒத்துக்கிட்டவன்" என்பது அவருடைய சித்தாந்தம்.

சுகுமாறனின் முகத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலையில் போகக்கூடாது. அப்போது அவர் வண்டிக்கு அடியில் இருப்பார். இரண்டு பாதங்கள் மட்டுமே வெளியே தெரியும். அடுத்த வீட்டுத் தனபாலன் பல ஆண்டுகளாக அந்தப் பாதங்களோடுதான் நாட்டு நடப்பைப் பேசி வருகிறார். வலது பெருவிரல் நிமிர்ந்திருந்தால் கோபம். அது பெரும்பாலும் நிமிர்ந்தேதான் இருக்கும்.

வார நாள்களில் அவர் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். எந்த இயந்திரம் முனகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வண்டிக்கு வயது இருபத்தெட்டு. "எங்க கல்யாணத்த விட எட்டு வருசம் மூத்தது. அதனாலதான் மரியாதை ஜாஸ்தி" என்பார் அவர் மனைவி தனேஸ்வரி, குரலில் சிரிப்பே இல்லாமல்.

கோபம் தொடங்கிய இடம் கிள்ளானில் ஒரு கடை. குடும்பத்தோடு காட்டுப் பக்கம் போய்த் தங்குவதற்கு வண்டியைத் தயார் செய்யலாம் என்று அப்பாவியாக விசாரிக்கப் போனார். கூரைமேல் விரிகிற கூடாரம், இழுத்தால் வருகிற அடுப்பு, பொத்தானை அமுக்கினால் விரிகிற பந்தல் எல்லாவற்றையும் காட்டிய விற்பனைப் பையன், கடைசியில் வாசலில் நின்ற பிக்கப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்க வண்டிக்கு இதெல்லாம் தாங்காது" என்றான்.

இரண்டு குற்றங்கள். வண்டியைச் சொன்னதுகூடப் பரவாயில்லை. "அங்கிளாம்! ஐம்பத்திரண்டு வயசு ஆளப் பாத்து அங்கிளாம்!" என்று கோலா சிலாங்கூரில் வீடு வரும் வரைக்கும் ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டே வந்தார். அன்றே சபதம்: கடைச் சாமான் ஒன்றுகூட வண்டியில் ஏறாது.

ஏறவில்லை. மூன்று ஆண்டுகளில் அவர் கையாலேயே எல்லாம் முளைத்தன. ஏதோ ஒரு தோட்டத்து ஆபீசை மூடியபோது தூக்கிப் போட்ட இரும்பு அலமாரியின் இழுப்பறைகள், வண்டியின் பின்புறத்தில் சமையலறை ஆயின. 'மருத்துவ விடுப்பு' என்று பழைய சீட்டு ஒட்டிய அறையில் மைலோப் பொடியும் சீனியும்; 'புகார்கள்' அறையில் மத்தி டின்கள். கூரைமேல் கறுப்புச் சாயம் பூசிய ஒரு தடித்த குழாய். உள்ளே இருக்கும் தண்ணீர் வெயிலில் சூடாகி, குளிப்பதற்குத் தயாராகும். ஆலை கழித்துப்போட்ட ரப்பர் பட்டைதான் சேறு தெறிக்காமல் காக்கும் மடல். பந்தலுக்கு ஒரு பழைய கல்யாண பேனர். அதை விரித்தால், யாரென்றே தெரியாத ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் தலைக்கு மேலே தலைகீழாகச் சிரித்து, "வருக வருக" என்பார்கள்.

இத்தனைக்கும் மேல் ஓர் அம்மிக்கல். "மிக்சில அரைச்சா அது சம்பலா? காட்டுக்குப் போயும் மிக்சியா?" என்று கொதித்து, அதைப் பின்சக்கரங்களுக்கு நேர் மேலே, நான்கு போல்ட் போட்டு இறுக்கினார்.

ஒன்றுதான் நடக்கவில்லை. வண்டி எங்கும் போகவில்லை. ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் ஏதோ ஒரு வேலை பாக்கி. கடைசியில் தனேஸ்வரி ஒரு ஞாயிறு காலை பாதங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்த லீவுல புள்ளையோட நம்ம மூணு பேரும் ஒரு ராத்திரியாச்சும் இதுல படுக்கணும். இல்லன்னா பழைய இரும்புக்காரனுக்கு நானே போன் அடிச்சிருவேன். வெளாட்டுக்குச் சொல்லல."

பெருவிரல் நிமிர்ந்தது. சற்று யோசித்துத் தாழ்ந்தது.

கெர்லிங்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துப் பாதையில் வெகுதூரம் உள்ளே ஓர் ஆற்றங்கரை. கூடவே தனேஸ்வரியின் தம்பி பவனேஷும் வந்தான். கிள்ளான் கடையில் இருந்த அத்தனையையும் தன் புது வண்டியில் ஏற்றியிருப்பவன். முன்பக்கம், மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்க மின்சார வின்ச் வேறு. "ரிமோட்ட அமுக்குனா கம்பிக் கயிறு தானா சுத்துமாம். சோறும் தானா வாய்க்குள்ள போகுமான்னு கேளு" என்று வழி நெடுகக் கண்ணாடியில் அவனைப் பார்த்துப் பொருமினார் சுகுமாறன்.

பவனேஷ் கல் தரையில் வண்டியை நிறுத்தி, பொத்தானை அமுக்கி, பந்தலின் கீழ் உட்கார்ந்து காப்பி குடிக்கத் தொடங்கினான். சுகுமாறனுக்கு அது போதவில்லை. அவருடைய சமையலறை பின்னால் இருக்கிறது. அது ஆற்றைப் பார்க்க வேண்டும். ஆகவே வண்டி பின்னோக்கிக் கரையில் இறங்க வேண்டும்.

"சம்பல் அரைக்கிறப்ப தண்ணியப் பாத்துக்கிட்டே அரைக்கணும். அதான்லா கேம்பிங்!"

"அங்கயும் நான்தான் அரைக்கணுமா?" என்றார் தனேஸ்வரி.

"அப்பா, ரிவர்ஸ் வேணாம்ப்பா. நேத்து மழையில மண்ணு சாஃப்டா இருக்கு" என்று கீழே இறங்கி நின்ற மகள் நித்தியா கத்தினாள்.

"நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே ரிவர்ஸ் போட்டவன் நானு!"

அம்மிக்கல்தான் முதலில் முடிவெடுத்தது. பின்சக்கரங்கள் மெல்ல, ஒரு மரியாதையோடு, மண்ணுக்குள் இறங்கின. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கின. யானையைக் கட்டும் கொக்கி சேற்றுக்குள் போய்விட்டது. முன்பக்கம் மட்டும் ஆகாயத்தைப் பார்த்து நின்றது.

பவனேஷ் காப்பியை வைத்துவிட்டு எழுந்து வந்தான். வின்ச் கயிற்றை இழுத்துக்கொண்டு பிக்கப்பின் முன்னால் நின்றான். குனிந்து பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"மாமா, எதுல மாட்டுறது?"

பவனேஷ் சிரிக்கவில்லை. அதுதான் சுகுமாறனுக்குப் பொறுக்கவில்லை.

"சிரிச்சுத் தொலையேன்டா! பம்பர்ல மாட்டு!"

மாட்டினான். ரிமோட்டை அமுக்கினான். பம்பர் வந்தது. பம்பர் மட்டும் வந்தது.

"பாத்தியா! கடைக் கயிறு போட்டா இப்படித்தான்!" என்று சுகுமாறன் கயிற்றின்மேல் பாய்ந்தார். கயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனித்ததும் கல் தரையைத் திட்டினார், பிறகு மழையை, பிறகு, யாரும் எதிர்பாராமல், பாயசத்தை. கடைசியில் அவரே சேற்றில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் ஊர்ந்து, அடிச்சட்டத்தைச் சுற்றி இழுவைப் பட்டையைக் கட்டினார். பழகிய இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பெருவிரல் நிமிரவில்லை.

பவனேஷ் மறுபடி ரிமோட்டை அமுக்க, வண்டி வெளியே வந்தது. அன்றிரவு மூவரும் அதிலேயே படுத்தார்கள். பந்தலில் அந்தத் தம்பதியர் தலைகீழாகச் சிரித்தார்கள். சம்பலைச் சுகுமாறன்தான் அரைத்தார்; கேட்காமலேயே.

வீடு திரும்பிய மறுநாள், சாப்பாட்டு மேசையில் தனேஸ்வரி தீர்ப்பைச் சொன்னார்.

"வண்டி இருக்கட்டும். நல்லாத்தான் தூங்குனோம். ஆனா முன்னாடி ஒரு கொக்கி வைக்காம நானும் புள்ளையும் இனிமே அதுல ஏற மாட்டோம். ஏறாத வண்டி எனக்கு எதுக்கு? இரும்புக்காரன் நம்பர் இன்னும் போன்லதான் இருக்கு."

"முன்னாடியா! என் வண்டிக்கா! எங்க அப்பா வந்து சொன்னாலும்..." என்று தொடங்கிய முழக்கம் கறித் துண்டோடு பாதியில் விழுங்கப்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பாதங்கள் வழக்கத்துக்கு மாறாக வண்டியின் முன்பக்கம் தெரிந்தன. பற்றவைக்கிற வெளிச்சம் இரண்டு முறை மின்னியது. தனபாலன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"என்ன சுகு, முன்னாடி என்னமோ வேலை நடக்குது?"

"நம்பர் பிளேட்டு ஆடுது" என்றன பாதங்கள்.

தனபாலன் உள்ளே போகும்வரை அவை அசையவில்லை. பிறகு சுகுமாறன் வெளியே வந்தார். புதுக் கொக்கிக்கு, திரும்பப் பொருத்திய பம்பரின் அதே கறுப்பைப் பூசி, சாயம் காயும்வரை அதற்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். தெருவின் இரு பக்கமும் பார்த்தார். குனிந்து, கொக்கியை இரண்டு கைகளாலும் பிடித்து, உறுதிதானா என்று தெரிந்துகொள்ள ஒரு முறை இழுத்தார்.

கை பிரேக் போட மறந்திருந்தார். வண்டி அரை அடி முன்னால் வந்தது.