ஆயாக் கொட்டகைக்கு மேலே ஒரு பாறை

1926இல் மலாயாவின் ஈப்போவில் தங்கியிருந்தபோது, சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்த என் சித்தப்பா மகன் ராமையாவைப் பார்க்கப் போனேன். காலை ஏழு மணிக்கு வாடகை மோட்டார் புறப்பட்டது. பதினெட்டு மைல். வழியில் நெட்டுக்குத்தாக நின்ற மலைகள், புதுக்கோட்டைக் கருங்கல்லில் பழகிய என் கண்ணுக்குப் பாதி தின்று வைத்தவையாகத் தெரிந்தன.

"எல்லாம் சுண்ணாம்புக்கல்லு அண்ணே. மலாய்க்காரங்க பத்து காப்பூர்னு சொல்வாங்க. மழையில கரையுது லா," என்றார் டிரைவர். கல்லாவது கரைவதாவது என்று சிரித்து வைத்தேன்.

ஒன்பது மணிக்குத் தோட்டம். அங்கும் ஒரு மலை. அதன் அடியில், நிழலுக்காக, ஆயாக் கொட்டகை. பெண்கள் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். சேலைத் தூளிகள் வரிசையாகத் தொங்கின. ஆயா அஞ்சலை என்னை உட்காரச் சொல்லவில்லை. மேலே பார்க்கச் சொன்னாள்.

கூரைக்கு மேலே மாட்டுவண்டி அளவு பாறை துருத்திக்கொண்டிருந்தது. அதன் பின்விரிசலில் ஓர் அரசமரம். தானாக முளைத்ததால் சாமியாகிவிட்டது. தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள்.

"முந்தாநாளு தூளிக்குள்ள கல்லுச் சில்லு கெடந்துச்சுங்க. மரத்த வெட்டுங்கன்னா எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிறாங்க. கொட்டகைய மாத்துங்கன்னா, வேற நெழல் எங்க இருக்குன்னு கேக்குறாரு கங்காணி."

ஏறிப் பார்த்தேன். வெளியே கறுத்திருந்த கல் விரிசலுக்குள் வெள்ளை வெளேரென்றிருந்தது, புதுப் பிளவு. பூசைக்கு அறுத்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சாறு பட்ட இடம் நுரைத்தது. டிரைவரைப் பார்த்து நான் சிரித்திருக்கக் கூடாது. மக்கிய இலைக்குள் இறங்கும் மழைநீருக்கும் லேசாகப் புளிப்பு ஏறுகிறது. நுரைக்காமல், மெல்ல மெல்ல அதே வேலையைச் செய்கிறது. கரைந்த இடத்தில் வேர் நுழைகிறது, பருக்கிறது, நெம்புகிறது. இவர்கள் ஊற்றிய தண்ணீரெல்லாம் அந்த வேருக்குத்தான் சோறு.

பன்னிரண்டு மணிக்குப் பெண்களும் அவர்களோடு போயிருந்த ராமையாவும் திரும்பினார்கள். நான் சொன்னதைக் கேட்ட ராமையா, "பூப்போட்டுப் பாத்துருவோம்ணே," என்றான். இலையில் மடித்த இரண்டு பொட்டலங்கள். சிவப்புப் பூ வந்தால் மரத்தை வெட்டலாம். வெள்ளை வந்தால் கூடாது. ஒரு குழந்தையை எடுக்க வைத்தார்கள். வெள்ளை வந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நான் விருந்தாளி.

அஞ்சலையும் மரத்தைக் கும்பிட்டாள். பிறகு கொட்டகைக்குள் போய், ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூளியை அவிழ்த்தாள்.

"எங்க கொண்டு போற?" என்றான் ராமையா.

"மரத்த வெட்ட வேணாம்னுதான் சாமி சொல்லிச்சு, கங்காணி. புள்ளைங்கள அடியில போட்டு வையின்னு சொல்லல. ஒங்க வீட்டு முன்வாசல்ல நெழல் இருக்கு. அங்க கட்டப் போறேன்."

அவன் வாயைத் திறப்பதற்குள் ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அடுத்தவளும் தூக்கினாள். நானும் ஒன்றைத் தூக்கினேன். என் சட்டையை நனைத்துவிட்டது.

மாலை நான்கு மணிக்கு மோட்டார் வந்தது. எங்கள் ஊர்க் கருங்கல்லும் வெயிலிலும் மழையிலும் வெங்காயம் போலத் தோல் தோலாக உரிகிறதுதான். அதன் நிழலில் எத்தனையோ நாள் தூங்கியிருக்கிறேன். ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

அரசமரத்துப் பாறை விழவில்லை. இன்னும் பத்து வருஷம் நின்றாலும் நிற்கும். அடியில் இப்போது தூளிகள் இல்லாததால் எனக்கு நிம்மதியாக இருந்தது. ராமையா வீட்டு முன்வாசலில் உட்கார இடமில்லை. தூளிகளுக்கு நடுவே நின்றவன், வீறிட்டு அழுத ஒன்றை ஆட்டிக்கொண்டே எனக்குக் கைகாட்டினான்.