சறோஜா ஊர் பார்க்க வந்தாள்

பத்மநாதன் லீவு எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது இராசேஸ்வரி முதலில் நம்பவில்லை. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் இருபது வருடத்துக்கு மேலாக அவரோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். தைப்பொங்கலுக்கு லீவு இல்லை. மகள் சிவானுஜா பிறந்த அன்றுகூட லீவு இல்லை. வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் அவர் வேலை செய்யும் உணவகத்தின் அடுப்படி, அவர் ஒருநாள் போகாவிட்டால் இடிந்து விழுந்துவிடும் என்பது அவருடைய நினைப்பு. அப்படிப்பட்ட மனிதர், சறோஜா பேர்னில் இருந்து வருகிறாள் என்றதும் முதலாளியிடம் போய் நாலு நாள் கேட்டு வாங்கிவிட்டார். கேட்ட உடனே கொடுத்தார்களாம். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. கேட்டிருந்தால் எப்போதோ கொடுத்திருப்பார்கள்.

சறோஜா யார் என்று சொல்லிவிட வேண்டும். பத்மநாதனின் மாமன் மகள், மச்சாள் முறை. ஒரு காலத்தில் இரண்டு பேரின் குறிப்பையும் வைத்துப் பொருத்தம் பார்த்தார்கள். பொருந்தவில்லை. அவளைச் சுவிஸில் கட்டிக்கொடுத்தார்கள், இவருக்கு இராசேஸ்வரி பொருந்தினாள். இதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். இராசேஸ்வரியும் சொல்வாள். ஆனாலும் சறோஜா "அத்தான்" என்று கூப்பிடும்போது அந்தச் சொல்லின் நுனியில் ஒரு இழுவை இருக்கும். அது வேறு யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

அவளுடைய கணவருக்கு வேலையாம், பிள்ளைகளுக்குச் சோதனையாம். ஆகவே தனியாகவே வந்து இறங்கினாள். ஒரு சின்ன உருட்டுப் பெட்டி, முகத்தில் பாதியை மூடும் கறுப்புக் கண்ணாடி. பலெர்மோவில் பார்க்கவேண்டிய இடங்கள் எல்லாம் போனில் தயாராக வைத்திருந்தாள். பத்மநாதன் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டதும் இராசேஸ்வரிதான்.

இராசேஸ்வரி பார்த்த பலெர்மோ வேறு. காலையில் பஸ் பிடித்து சின்யோரா லூச்சியாவின் வீட்டுக்கு வேலைக்குப் போவாள், பின்னேரம் இன்னொரு வீடு. வரும் வழியில் பல்லரோச் சந்தையில் மீனும் மரக்கறியும். வதிவிட அனுமதி முடிகிற காலத்தில் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரின் வரிசை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பெல்லகிரீனோ மலை. அங்கே குகைக்குள் இருக்கும் ரொசாலியா மாதாவைக் கும்பிட சைவம், கிறிஸ்தவம் என்று பார்க்காமல் தமிழ்ச் சனம் எல்லாம் ஏறும். புருசனும் பெண்சாதியுமாகப் போய்வருகிற ஒரே இடம் அதுதான். அங்கேயும் அவர் முன்னால் போய்விடுவார், இவள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறுவாள்.

ஒருமுறை கேட்டிருக்கிறாள். கலியாணம் முடித்து இங்கே வந்த முதல் வருடம், பக்கத்து ஊரான மொன்றியாலேயில் பெரிய தேவாலயம் இருக்கிறதாம், சுவரெல்லாம் பொன்னாம், போய்ப் பார்ப்போமா என்று. நல்ல சேலையை எடுத்துக் கட்டிலில் விரித்தும் வைத்துவிட்டாள். அவர் இரண்டு இடத்தில் வேலை செய்து களைத்து வந்திருந்தார். "பழைய கட்டிடம்தானே, ஊரிலை நீர் பாக்காத இடிஞ்ச கட்டிடமோ" என்று சிரித்துவிட்டுப் படுத்துவிட்டார். இராசேஸ்வரி சேலையை மடித்து வைத்தாள். இனி அவரிடம் ஒரு இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தாள். அவள் வைராக்கியக்காரி. சொன்னால் சொன்னதுதான்.

இப்போது அதே மனிதர் காலையில் ஷேவ் எடுத்து, வாசனை அடித்துக்கொண்டு, "சறோஜா, தண்ணிப் போத்தல் எடுத்தனீரோ" என்று கேட்டார். கட்டின பெண்சாதி குளிரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருநாள் கேட்டதுண்டா?

முதல்நாள் நாலு மூலைச் சந்தியும், அதற்குப் பக்கத்தில் அம்மணச் சிலைகள் நிற்கும் பெரிய நீரூற்றும். திரும்பி வந்த சறோஜா சிரிப்பை அடக்கமுடியாமல் இருந்தாள். அத்தான் அந்தச் சிலைகளைப் பற்றிச் சொன்ன கதையை வாயால் சொல்ல முடியாதாம். இரண்டாம் நாள் கதீட்ரலின் கூரைமேல் ஏறினார்கள். படிகள் ஒடுக்கம், அத்தான் கைகொடுத்திருக்காவிட்டால் விழுந்திருப்பேன் என்றாள். மூன்றாம் நாள் சந்தைப் பக்கமாக அலைந்து, பூச்சாடியாகச் செய்த மண் தலை ஒன்றை வாங்கி வந்தாள். பலெர்மோ முழுக்கப் பல்கனிகளில் இருக்கிற தலை அது. முன்னொரு காலத்தில் இந்த ஊர்ப் பெண் ஒருத்தி, தன்னோடு பழகியவனுக்கு வேறு நாட்டில் பெண்சாதி பிள்ளைகள் இருப்பதை அறிந்ததும், அவன் தூங்கும்போது தலையை வெட்டி அதில் துளசி நட்டாளாம். இராசேஸ்வரிக்கு அந்தக் கதை எப்போதோ தெரியும். அந்தப் பெண்மேல் மரியாதை வந்தது இப்போதுதான்.

இவ்வளவுக்கும் நடுவில் அவள் சும்மா இருக்கவில்லை. நண்டு உடைத்தாள், புட்டு அவித்தாள், விருந்தாளிக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு மகளோடு நெருக்கிப் படுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே சறோஜா எடுத்த படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். நீரூற்றுக்கு முன்னால் பத்மநாதன், கதீட்ரல் கூரையில் பத்மநாதன், எல்லாவற்றிலும் பல் தெரியச் சிரிக்கிற பத்மநாதன். இராசேஸ்வரியின் கலியாண அல்பத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் அந்தப் பல் ஒரு படத்திலும் இல்லை. லண்டனில் இருந்து யாரோ ஒரு மாமி, பத்தன் இளமையாகிவிட்டான் என்று எழுதியிருந்தார். அதற்குச் சறோஜா ஒரு பூ அனுப்பியிருந்தாள்.

சிவானுஜா போனையும் தாயையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் ஜெலோசாவோ?"

பொறாமைக்கு இத்தாலியச் சொல் அது. தமிழில் கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும். எனக்கென்ன பொறாமை, அவரவருக்கு அவரவர் வேலை என்று சொல்லிவிட்டு இராசேஸ்வரி தேவைக்கு மேலே இரண்டு வெங்காயம் வெட்டினாள்.

பொறாமைதான். வயிறு எரிந்தது. ஆனால் அதைவிடப் பெரிய நெருப்பை மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் சறோஜா பற்றவைத்தாள்.

"அத்தானுக்கு எவ்வளவு விசயம் தெரியும் அக்கா. ஒரு கல்லை விடேல்லை, எல்லாத்துக்கும் ஒரு கதை வைச்சிருக்கிறார். நீங்கள் குடுத்துவைச்சனீங்கள்."

பத்மநாதன் புட்டைப் பிசைந்தபடி குனிந்துகொண்டார். இராசேஸ்வரிக்குக் கறிச்சட்டி கையில் கனத்தது. இவருக்கு எப்படித் தெரியும்? போகாத இடத்தைப் பற்றி ஒரு மனிதர் இவ்வளவு சொல்லமுடியுமா? அப்படியென்றால் போயிருக்கிறார். போனால் தனியாகவா போயிருப்பார்? உணவகத்தில் பரிமாறுகிற பெண்கள் எத்தனையோ பேர் வந்துவந்து போயிருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முந்தி ஒருத்தி இவருக்குப் பிறந்தநாள் கேக் கொடுத்தனுப்பினாள். அவள் பெயர்கூட இவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. சறோஜா மேல் இருந்த பொறாமை அப்படியே கிளைவிட்டு முகம் தெரியாத யாரோ ஒருத்தி மேலும் படர்ந்தது. உடனே சின்யோராவுக்குப் போன் எடுத்து, நாளைக்கு வரமாட்டேன் என்று சொன்னாள். சின்யோரா காரணம் கேட்டதற்கு, வீட்டு விசயம் என்றாள். பொய் இல்லை.

காலையில் அவள் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்துப் பத்மநாதன் திகைத்தார்.

"நீரும் வாறீரோ?"

"ஏன், வரக்கூடாதோ?"

அன்றைக்கு அவர்கள் போனது நோர்மன் அரசர்களின் அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனாத் தேவாலயத்துக்கு. வீட்டில் இருந்து நடக்கிற தூரம். அந்த அரண்மனை மதிலைப் பஸ்ஸில் எத்தனை ஆயிரம் தரம் கடந்திருப்பாள், வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது. வரிசையில் நின்றபோது அவர்கள் இரண்டு பேரும் முன்னால் கதைத்துக்கொண்டு நிற்க, இவள் பின்னால் நின்றாள். மலையில் பார்க்கிற அதே முதுகு.

உள்ளே போனதும் எல்லோரும் ஒரு கணம் வாய் திறந்து நின்றார்கள். சுவர், தூண், வளைவு எல்லாம் பொன். பீடத்துக்கு மேலே யேசுநாதர் பெரிய கண்களோடு பார்த்துக்கொண்டிருந்தார். இராசேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. புருசனையும் சறோஜாவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்து இங்கே யாராவது தெரிந்தவர்போல் தலையசைக்கிறார்களா, இவருடைய கால் வழி தெரிந்து நடக்கிறதா என்று காவல் பார்த்தாள்.

பத்மநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைக் காட்டினார். அராபியத் தச்சர்கள் மரத்தில் செய்தது, தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறது பார் என்றார்.

தேன்கூடு. இராசேஸ்வரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவளுடைய சொல். சின்யோரா லூச்சியா கால் இயலாமல் போகும்வரை நாற்பது வருடம் இந்த நகரத்தை வெளியூர்க்காரருக்குச் சுற்றிக் காட்டியவர். இப்போது கதிரையில் இருந்தபடி, இஸ்திரி போடுகிற இராசேஸ்வரிக்கு நாளொரு இடமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அதை இராசேஸ்வரி வீட்டுக்குக் கொண்டுவந்து, புருசன் சாப்பிடும்போது சொல்வாள். அவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு "ம்" என்பார். சுவரோடு பேசுகிறேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அந்தச் சுவர் இப்போது அவளுடைய வாயால் பேசிக்கொண்டிருந்தது. ஒட்டகம் இருக்கிறது, யாழ் வாசிக்கிறவன் இருக்கிறான், சதுரங்கம் விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றும் தவறவில்லை, ஒரு சொல்கூட மாறவில்லை. சொன்னவளின் பெயர் மட்டும் இல்லை.

"அந்தச் சதுரங்கக்காரனுக்குப் பின்னாலை குடத்தோடை ஒருத்தி நிக்கிறாள் பாரும் சறோஜா. அவன் திரும்பிப் பாப்பான் எண்டு பாத்துக்கொண்டே நிக்கிறாள். எண்ணூறு வருசத்துக்கு மேலை அவன் பாக்கவேயில்லை."

சறோஜா போனை உயர்த்திப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓம் அத்தான், தெரியுது, பாவம் என்றாள்.

இராசேஸ்வரியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அப்பிடி ஒருத்தியும் அங்கை இல்லை," என்றாள். "நீங்கள் காதிலை வாங்கிறியளோ எண்டு பாக்க நான் கட்டிவிட்ட கதை அது. நீங்கள் ம் எண்டனீங்கள்."

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். சறோஜா போனைக் கீழே இறக்கினாள். தூண் ஒன்றின் அடியில் இருந்த வேலைப்பாட்டைப் பார்க்கவேண்டிய அவசரம் அவளுக்கு வந்துவிட்டது, அந்தப் பக்கம் போய்விட்டாள். பத்மநாதனின் முகம், உப்பு மறந்த கறியை முதலாளி ருசி பார்க்கும்போது சமையல்காரனுக்கு வருகிற முகமாகிவிட்டது. இராசேஸ்வரிக்கு ஒரு நொடி இனித்தது. அவள் விடவில்லை. என்னுடைய கதையைக் கொண்டுபோய் பேர்னில் இருந்து வந்தவளுக்குப் பரிமாறத் தெரிகிறது, சொன்னவளை ஒருநாள் இங்கே கூட்டிக்கொண்டு வரத் தெரியவில்லையா என்று கேட்டாள்.

அவர் அவளை விளங்காமல் பார்த்தார்.

"கூட்டிக்கொண்டு வாறதோ? நீர்தான் சின்யோராவோடை வந்து எல்லாம் பாத்திட்டீரே."

"ஆர் சொன்னது?"

"நீர்தான். மேலை பாத்தா தேன்கூடு மாதிரிக் கிடக்கு எண்டு கண்ணாலை கண்டமாதிரியெல்லோ சொல்லுவீர். நான் அடுப்படியிலை வேகிறன், இவ சின்யோராவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஊரெல்லாம் பாத்துக்கொண்டு திரியிறா எண்டு எனக்கு உள்ளுக்கை எரியும். ஒருநாள் நீங்களும் வாங்கோவன் எண்டு கேப்பீர் எண்டு இருந்தன். நீர் கேக்கேல்லை. சறோஜா வாறன் எண்டதும், இதுதான் சாட்டு, நானும் ஒருக்காப் பாப்பம் எண்டு லீவு எடுத்தனான்."

அவர் சொன்னது உண்மைதான். "சின்யோரா சொன்னா" என்ற இரண்டு சொல்லை இராசேஸ்வரி ஒருநாளும் சேர்த்ததில்லை, சின்யோராவுக்குக் கால் இயலாது என்றும் சொன்னதில்லை. சேர்த்தால், கூட்டிக்கொண்டு போக ஆளில்லாதவள் என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். அந்த வீம்புக்காக, போகாத இடமெல்லாம் போய்வந்தவளைப்போலச் சொல்லிச்சொல்லி, இந்த மனிதரை இத்தனை வருடம் தன்மேல் பொறாமைப்பட வைத்திருக்கிறாள். தனக்கு மட்டும்தான் எரிகிறது என்று நினைத்திருந்தாள்.

"நான் வெளியிலை நிண்டுகூட வாசல் பாத்ததில்லை," என்றாள் மெதுவாக. "இண்டைக்குத்தான் முதல்முதல்."

மொன்றியாலே ஞாபகம் இருக்கிறதா, சேலை விரித்து வைத்தேனே என்று கேட்டாள். அவருக்கு ஞாபகம் இல்லை. அதற்குக் கோபம் வரவேண்டும், வந்தது, ஆனால் அதை வைத்துக்கொள்ள இடம் இல்லாமல் இருந்தது. இழந்த வருடங்களை யார் தலையில் போடுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் சனத்துக்கு நடுவில் நின்றார்கள். ஒரு சீனக் குடும்பம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

தூணடியில் இருந்து சறோஜா கூப்பிட்டாள். பீடத்தை வைத்து ஒரு படம் எடுக்கவேண்டுமாம், அத்தான் ஒருக்கா வருவாராமா என்று கேட்டாள். பத்மநாதன் பழக்கத்தில் ஒரு அடி எடுத்து வைத்தார். இராசேஸ்வரி அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் நில்லும் சறோஜா," என்றாள். "நாங்கள் ரெண்டுபேரும் இன்னும் ஒண்டும் பாக்கேல்லை."