ஹேண்ட்பிரேக் பிடிக்காத டிரைவர்

சுடலைமணிக்கு அந்த வேனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. காலையில் கதவைத் திறக்கும்போது ஒரு வசவு, சாவியைத் திருகும்போது இன்னொன்று. கொச்சி மட்டாஞ்சேரியில் சமையல் கான்ட்ராக்ட் நடத்தும் நீலாம்பாள் மாமி, ஆலுவாவுக்குப் போய் செகண்ட்ஹேண்டில் வாங்கி வந்த டீசல் வேன் அது. வாங்குமுன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. அவளுடைய பழைய வேனைக் கட்டி மேய்த்தவன் அவன்தானே!

பழைய வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கேபிள் இழுக்கும், இன்ஜின் உறுமும், அது காலுக்குத் தெரியும். இதில் கேபிளே கிடையாது. மிதித்த சேதி ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போய், அது யோசித்து, அப்புறம்தான் வண்டி நகரும். "நான் மிதிக்கதுக்கு அது யாருல பெர்மிஷன் குடுக்க?" என்று சாயாக்கடையில் கத்துவான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். ஏற்றத்தில்தான் மானம் போயிற்று. மீசை முளைக்காத வயசில் வள்ளியூரிலிருந்து வந்து, மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி லாரிக்குக் கிளீனராக இருந்து வண்டி பழகியவன் அவன். அந்த லாரிகளில் ஹேண்ட்பிரேக் என்பது துண்டு தொங்கவிடும் கம்பி. ஏற்றத்தில் நின்று எடுக்க வேண்டுமா? வலது காலைக் குறுக்கே வைத்து, விரல் பக்கத்தால் பிரேக், குதிகாலால் ஆக்ஸிலேட்டர், இரண்டையும் சேர்த்து ஒரே மிதி. கிளச்சை விட்டால் வண்டி ஓர் அங்குலம் பின்வாங்காது. ஹேண்ட்பிரேக் பிடிக்கிற டிரைவரைப் பஜாரில் "வாங்க மேடம்" என்று கூப்பிட்டே சாகடித்துவிடுவார்கள்.

அதே வித்தையைப் புது வேனில் காட்டினான். தோப்பும்படிப் பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் மூச்சே விடாமல் அணைந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கும் அதே இடத்தில் அதே கதை. பந்தியில் இலை போட்டு ஆட்கள் காத்திருக்க, சம்பந்தி வீட்டார் முன்னால் மாமி கைகூப்பி நின்றாள்.

சுள்ளிக்கல் மெக்கானிக் யூசுப் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "வண்டிக்குக் கொழப்பம் ஒண்ணும் இல்ல மணியண்ணா. பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேத்து மிதிச்சா, என்னமோ ஆபத்துன்னு கம்ப்யூட்டர் இன்ஜினை அடக்கிரும். ஹேண்ட்பிரேக் பிடிச்சு, பிரேக்குல இருந்து காலை எடுத்துட்டுக் கிளப்புங்க."

சொன்னால் கேட்கிற ஆளா அவன்? அதுவும், பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தவன் சுப்புராஜ். மணியின் பெண்டாட்டிக்குத் தம்பி. மாமியிடம் பரிமாறும் வேலைக்குச் சேர்த்துவிட்டதே மணிதான். இப்போது லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான், நன்றி கெட்ட பயல். மெக்கானிக்கும் மச்சினனுமாகத் தனக்குக் குழி வெட்டுகிறார்கள் என்று மணி முடிவு கட்டினான். வீட்டில் பெண்டாட்டியோடும் பேச்சை நிறுத்தினான். அவள் என்ன செய்தாள், பாவம்!

மாமி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். "கேட்டியா மணி, இன்னொரு தரம் வண்டி நின்னா சாவியை சுப்புராஜ் கையில கொடுத்துடுவேன். சும்மா சொல்றேன்னு நெனைக்காதே."

செறாயில் ஒரு நிச்சயதார்த்தம். ஃபோர்ட்கொச்சியில் வண்டியை ஜங்கார் படகில் ஏற்றிக் காயலைக் கடந்து வைப்பினில் இறங்க வேண்டும். தண்ணீர் வற்றிய நேரம். ஜங்காரிலிருந்து கரைக்கு ஏறும் சரிவு செங்குத்தாக நின்றது. மாமி முன்சீட்டில், சுப்புராஜ் பின்னால் அண்டாக்களோடு. முன்னே போன ஆட்டோ பாதிச் சரிவில் நின்றது. மணியும் நிறுத்தினான். ஆட்டோ நகர்ந்ததும் வலது காலைக் குறுக்கே வைத்தான்.

வண்டி குலுங்கி அணைந்தது.

மறுபடி ஸ்டார்ட் செய்தான். மறுபடி அணைந்தது. ஜங்கார் ஊழியன் வண்டியின் பக்கவாட்டில் தட்டி, "சேட்டா, வண்டி எடுக்கு! எந்தா ஈ காட்டுந்நது?" என்று கத்தினான். பின்னாலிருந்த கார் விடாமல் ஹார்ன் அடித்தது.

"அத்தான், ஹேண்ட்பிரேக்கைப் பிடிச்சுட்டு..." என்றான் சுப்புராஜ்.

"வாயப் பொத்துல! எனக்குச் சொல்லித்தர வந்துட்டான்!"

ஹேண்ட்பிரேக் அவன் இடது கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. யூசுப் சொன்னது சத்தியம் என்று அவனுக்கு எப்போதோ தெரியும். ஆனால் இப்போது அதைப் பிடித்து வண்டி ஏறிவிட்டால் ஜெயித்தவன் சுப்புராஜ் அல்லவா? பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பெடலையும் ஏறி மிதித்தான். கிளச்சை விட்டதும் இன்ஜின் மறுபடி செத்தது. பதறிக் கிளச்சை மிதித்து, பிரேக்கிலிருந்து காலைத் தூக்கினான். வண்டி பின்னால் உருண்டு, காரின் பம்பரில் போய் 'ணங்' என்று இடித்து நின்றது.

மாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். "இறங்கு மணி. சாவி அங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

"மாமி, இந்தச் சனியன் பிடிச்ச வண்டி..."

"வண்டி இல்லை. நீ. இறங்கு."

கார்க்காரன் வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். மணி தலையைக் குனிந்துகொண்டு பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஏறினான். சுப்புராஜ் இறங்கி முன்னால் போனான்; முகத்தில் சிரிப்பில்லை, அதுதான் மணிக்கு இன்னும் எரிந்தது. நக்கலாக ஒரு சொல் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

சாம்பார் அண்டா மூடி விலகிக் கிடந்தது. அதன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு மணி குத்தவைத்தான். முன்னால் 'கர்ரக்' என்று ஹேண்ட்பிரேக் இழுபடும் சத்தம். இன்ஜின் நிதானமாக உறுமியது. அணையட்டும், அணைந்து தொலையட்டும் என்று வேண்டினான். அணையவில்லை. அப்படியானால் ஒரு சொட்டாவது சிந்தட்டும் என்று அண்டாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி கரைக்கு ஏறி, செறாய் ரோட்டில் திரும்பும்வரை சாம்பார் அலுங்கவே இல்லை.