விழுவதற்கு ஒரு தரை கேட்ட ருக்மணி டீச்சர்

ருக்மணி டீச்சர் செவ்வாய்க்கிழமை காலை மாரடைப்பால் இறந்தார். அவருடைய மகள் தொலைபேசியில் இதை உறுதிசெய்தார். மதுக்கரை அருகே டீச்சர் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்த பள்ளியின் செயலாளர், அன்று பிற்பகல் இன்னொரு தகவலை உறுதிசெய்தார். பள்ளியின் உள்விளையாட்டு அரங்குக்கு டீச்சரின் பெயரைச் சூட்டப் போகிறார்கள். இரங்கல் கூட்டமும் அங்கேதான்.

"தரைக்கு மிஷின் வெச்சு பாலிஷ் போடச் சொல்லியிருக்கேனுங்க. கண்ணாடியாட்ட இருக்கும்" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் உண்மையானது. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

அந்தத் தரை வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னவர் டீச்சர் ஒருவர்தான். அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். அன்று பேசாமல் இருந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அரங்கத்துக்குக் கூரை போட்டாயிற்று, தரை மட்டும் பாக்கி என்ற நிலையில் பத்திரிகையில் செய்தி எழுத அங்கே போயிருந்தேன். தலைமை ஆசிரியர் அறை வாசலில் மூன்று தரைத் துண்டுகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார் டீச்சர். ஒன்று பளபளக்கும் டைல், ஒன்று மரப்பலகை, ஒன்று ரப்பர் விரிப்பின் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு ஊற்றியது. உள்ளே போகிற யாரானாலும் செருப்பைக் கழற்றி, பாதத்தை ஈரத்துணியில் ஒற்றி, மூன்றிலும் குதித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஈரம் வேர்வைக்குப் பதிலாம். கணக்கு வாத்தியார் குதித்தார். தபால்காரர் பையைத் தோளில் மாட்டியபடியே குதித்தார். நானும் குதித்தேன். டைலில் இறங்கியபோது குதிகாலில் தொடங்கிய அதிர்வு பல் வரை ஏறியது. கால் வேறு வழுக்கியது.

"மரந்தானே நல்லா இருக்குது, டீச்சர்?" என்று கேட்டேன்.

"நல்லதுதானுங்க. ஆடிக்காத்துல சாரல் உள்ள அடிச்சா பலகை உப்பிப்போகும். கரையான் வேற. நம்மளால பார்த்துக்க முடியறதைத்தான் போடோணும்" என்று ரப்பர் துண்டைக் காட்டினார். பிறகு, "ஓடறதுக்கு எந்தத் தரையும் போதுமுங்க. விழறதுக்குத்தான் நல்ல தரை வேணும்" என்றார்.

அடுத்த வாரம் தரையை முடிவுசெய்யப் பள்ளிக் குழு கூடியது. பழைய மாணவன் என்ற முறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். தரையைப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தவர் ஒரு பம்ப் தொழிற்சாலை முதலாளி. நம் ஊர் மரியாதைப்படி, கொடுப்பவரிடம் "உங்களுக்கு எது பிடிக்குதுங்க?" என்று கேட்டார்கள். அவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

"எங்க ஊட்டு ஹால்ல இதே டைல்ஸ்தானுங்க. மொகம் பார்க்கலாம்."

"மொகம் பார்க்கப் புள்ளைககிட்ட கண்ணாடி இருக்குதுங்க" என்றார் டீச்சர். "நீங்க அந்த ஹால்ல ஒருக்கா முட்டி போட்டு உழுந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

"ஏனுங் அம்மணி, எனக்கு அறுவது வயசாச்சு!" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் குதித்துப் பார்த்த கணக்கு வாத்தியார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியர், "ஐயா சொன்னா சரிங்க" என்றார். ஒருமனதாக முடிவெடுத்ததாகக் குறிப்பேட்டில் எழுதினார்கள். வெளியே டீக் குடிக்கும்போது அத்தனை பேரும் டீச்சரிடம் வந்து, "நீங்க சொன்னதுதானுங்க நாயம்" என்றார்கள்.

திறப்பு விழாவுக்குச் செய்தி எழுதியது நான்தான். 'முகம் பார்க்கலாம் போல மின்னும் தரை' என்று எழுதினேன். மறுநாள் டீச்சர் போனில் அழைத்தார்.

"ஏனுங்க, மின்னறதை எழுதியிருக்கீங்க. அதுல ஓடிப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"குதிச்சுப் பார்த்தவருங்க நீங்க. நீங்களுமா?"

அத்தோடு வைத்துவிட்டார்.

முதல் ஆடியிலேயே அது நடந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதி அந்தத் தரையில் மாவு பூசினாற்போல் படியும். டீச்சர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஈரத்துணியால் துடைக்க வைத்தார். அப்படியும் ஒரு மாலை, பந்தை எடுக்கப் பாய்ந்த கௌசல்யா என்ற வாலிபால் மாணவிக்குக் கால் சறுக்கி, முழங்கால் மடங்கியது. மூட்டு ஜவ்வு கிழிந்தது. இன்று அவள் நன்றாக நடக்கிறாள். ஆடுவதில்லை.

மறுநாளே டீச்சர் அணியைச் செம்மண் திடலுக்கு அழைத்துப்போய்விட்டார். அரங்கத்தை ஏன் பயன்படுத்தவில்லை என்று விளக்கம் கேட்டுப் பள்ளி நிர்வாகம் அவருக்கு மெமோ கொடுத்தது. ஆம், அவருக்குத்தான். "மண்ணில் விழுந்தால் மஞ்சள் போதும்" என்று ஒரே வரியில் பதில் எழுதினார். ஓய்வு பெறும்வரை அந்த அரங்கத்தில் அவர் பந்தைத் தொடவில்லை.

புதன்கிழமை அந்த முதலாளியைப் பார்த்தேன். அவரைத் திட்டிவிட்டு வருவதாகத்தான் போனேன்.

"யாருமே வேண்டான்னு சொல்லலீங்களே" என்றார்.

"டீச்சர் சொன்னாங்களே."

"அவங்க ஒருத்தர்தானுங்களே சொன்னாங்க! மத்த அத்தனை பேரும் தலையாட்டுனீங்க. நீங்களுந்தான் உக்காந்திருந்தீங்க. எனக்கென்னங்க தெரியும், நானென்ன வாலிபாலா ஆடுனேன்? அன்னைக்கே இன்னொருத்தர் சொல்லியிருந்தா மாத்திப்போட்டிருப்பேன்."

நான் எழுந்து வந்துவிட்டேன். மரியாதை என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஒன்றுக்காக ஒரு பெண்ணின் முழங்கால் போயிருக்கிறது. இன்னொருத்தர் பேச ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இப்போது அதே தரையைத் தேய்த்து, அதில் நாற்காலி போட்டு, அவர் படத்துக்கு மாலை போடப் போகிறோம்.

டைலின் மேல் ரப்பர் விரித்துத் தரை அமைக்க வேண்டும், அதுவரை டீச்சர் பெயரை அந்தச் சுவரில் எழுதக் கூடாது என்று ஒரு கடிதம் எழுதினேன். வியாழக்கிழமை கணக்கு வாத்தியார் வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "அன்னைக்கே பேசியிருக்கோணுமுங்க" என்றார். ஆமாம் என்றேன். ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை.

டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது "நீங்களுமா?" என்ற அந்த ஒரு சொல். அதற்கான பதிலை இன்னும் நான் சொல்லவில்லை.

கடிதம் செயலாளரிடம் இருக்கிறது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் குழு கூடும்போது எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இரங்கல் கூட்டத்துக்காகப் பாலிஷ் மிஷின் ஞாயிறு காலை வருவதாக இருக்கிறது. அதை நிறுத்தும்படி இதுவரை யாரும் சொல்லவில்லை.