ஜெபசிங் எடுத்துக்கொண்ட வேலை

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். எனக்கு வருத்தமில்லை. வரலட்சுமி எனக்கு அடுத்த வீடு. புதுப்பட்டினத்தில் தினமும் ஒரே பஸ் ஏறுகிறவர்கள் நாங்கள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால், பாவி மகள், இப்படி ஒருத்தனை நம்பி மோசம் போயிருக்கமாட்டாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ரிசார்ட்டில் அவளுக்கு வேலை. ரூமில் குழாய் ஒழுகுதா, ஏசி சொட்டுதா, எதுவானாலும் கம்ப்யூட்டரில் இருக்கும் டாஸ்க் லிஸ்டில் ஒரு வரியாக ஏறும். எல்லாருக்கும் பொதுவான லிஸ்ட். அவரவர் போனிலும் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் ஆளின் பெயர். முடியாத வேலை சிவப்பு, முடிந்தது பச்சை. நூற்றுக்கணக்கான வரிகளுக்குள் ஒன்றைத் தேடுவது எல்லாருக்கும் தலைவலி. வரலட்சுமி மட்டும் பெயரைப் போட்டு, தேதியைப் போட்டு, ஃபில்டர் செய்து நொடியில் எடுத்துக் கொடுப்பாள்.

சூப்பர்வைசர் கலையரசன். செய்யூர்ப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். தை மாதம் இருவருக்கும் கல்யாணம் என்று பேச்சு. அவன் வீட்டில் முடியவே முடியாது என்றார்களாம். ஒற்றை ஆளாக நின்று சம்மதிக்க வைத்தேன் என்று அவன்தான் சொல்லிக்கொண்டான். இவளும் உருகிப் போய்விட்டாள். தன் பாஸ்வேர்டைக் கூட அவனிடம் கொடுத்து வைத்திருந்தாள். அங்கே அது ஒரு வழக்கம். திங்கட்கிழமை மீட்டிங்கில் சிவப்பு தெரிந்தால் மேனேஜர் கத்துவார். அதனால் இவள் லீவு போடும் நாளில் அவன் இவள் பெயரில் நுழைந்து, செய்தது செய்யாதது எல்லாவற்றையும் பச்சையாக்கிவிடுவான். கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் என்ன ஒளிவுமறைவு என்று இவளும் விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் எலக்ட்ரீசியன் ஜெபசிங் பம்ப் ரூமில் கரண்ட் அடித்துச் செத்துப்போனான். அக்கா அக்கா என்று வரலட்சுமியைச் சுற்றிவந்த பையன். அன்று இவள் லீவு. அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கச் செங்கல்பட்டு போயிருந்தாள். "ஈரக் கையோட தொட்டுட்டான் வரலு. சொன்னா கேட்டாத்தான?" என்றான் கலையரசன். அவன் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

கார்த்திகை பிறந்ததும் பம்ப் ரூம் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையைக் கலையரசன் அவளுக்குப் போட்டான்.

"புது ஆளு வர்ற வரைக்கும் நீ பாத்துக்கோ. நம்பர எழுதிகினு வரணும், அவ்ளோதான்."

அன்று மத்தியானம் தன் பெயரைப் போட்டு ஃபில்டர் செய்தாள். அந்த வேலை அவள் பெயரில் இல்லை. 'மீட்டர்' என்று தேடினாள். ஒரே ஒரு வரி வந்தது. பச்சை. ரீடிங்கும் ஏறியிருந்தது. எதிரே இருந்த பெயர்...

ஜெபசிங்.

சாஃப்ட்வேர் கோளாறு என்றுதான் நினைத்தாள். தன் பெயருக்கு மாற்றிவைத்தாள். மறுநாளும் ஜெபசிங். அதற்கு மறுநாளும். எண் மட்டும் நாளுக்கு நாள் ஒழுங்காகக் கூடிக்கொண்டே போனது. ஏறிய நேரம் எப்போதும் 2.10. சாப்பிட்டுக் கைகழுவியதும் அவன் ரீடிங் எடுக்கப் போகும் நேரம் அது.

ஒரு நாள் கலையரசனிடமே சொல்லிவிட்டாள்.

"லிஸ்ட்ல ஜெபசிங் பேரு வந்துகினே கீதுங்க."

அவன் முகம் சட்டென்று வெளுத்தது. "செத்தவன் பேரு எப்டி வரும்? நீ பம்ப் ரூமுக்குப் போனியா, இல்லியா?"

"போவல."

"இன்னிக்குப் போ."

சாவியை அவனே எடுத்து அவள் கையில் வைத்தான். விரல்களை மடக்கியும் விட்டான். அந்தத் தொடுதலில் கூட அவள் மனசு குளிர்ந்ததாம். என்னத்தைச் சொல்ல.

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் யாரும் இல்லை. சமையற்கட்டைத் தாண்டி, சவுக்குத் தோப்பு ஓரமாகப் போனால் பம்ப் ரூம். இரும்புக் கம்பிக் கதவு. வெளியே பூட்டு. உள்ளே மோட்டார் உறுமும் சத்தம். மணி 2.09.

பூட்டுக்குக் கையை நீட்டினாள்.

போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தாள். அவள் பெயரில் இருந்த ரீடிங் வேலை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறியது. ஜெபசிங். நடந்துகொண்டிருக்கிறது...

உள்ளே ஒரு சத்தம்.

சர்ர்ர்...

ஒயரில் சுற்றும் இன்சுலேஷன் டேப்பை இழுக்கும் சத்தம். பிறகு பல்லால் கடித்து அறுக்கும் சத்தம்.

"ஜெபா...?"

சத்தம் நின்றது.

மோட்டாரும் நின்றது.

போன் மறுபடி அதிர்ந்தது. அந்த வரிக்குக் கீழே குறிப்பு எழுதும் இடத்தில் நான்கு சொற்கள்.

'அக்கா, கதவத் தொடாத. போயிடு.'

சாவி கையிலிருந்து நழுவியது. கதவுக் கம்பிக்கும் தரையில் ஓடிய தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் விழுந்தது.

பட்.

நீலமாக ஒரு பொறி.

ஓடினாள். செருப்பு எங்கே விழுந்தது என்று கூடத் தெரியாது. தன் ஆபீஸ் அறைக்குள் வந்து தாழ் போட்டாள். கம்ப்யூட்டரில் ஜெபசிங் பெயரைப் போட்டாள். தேதி எதுவும் வைக்காமல், முடிந்தது முடியாதது எல்லாம் வரும்படி ஃபில்டர் செய்தாள். மேலே ரீடிங்குகளாக வந்தன. அடியில் பழைய வரி ஒன்று கிடந்தது. ஐப்பசியில், அவன் சாவதற்கு இரண்டு நாள் முன்பு, அவனே போட்டது.

'பம்ப் ரூம் மோட்டார் புதுசு இல்ல. பழசுக்கு பெயிண்ட் அடிச்சிருக்கு. கதவு வரைக்கும் கரண்ட் வருது. யாரும் போவாதீங்க.'

அது பச்சையாக இருந்தது. சரிசெய்து முடித்தாயிற்று என்று அர்த்தம். முடித்தவர் பெயர், வரலட்சுமி. தேதி, அவன் செத்த வெள்ளிக்கிழமை காலை.

அந்த நேரத்தில் அவள் செங்கல்பட்டில் ஸ்கேனுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பாஸ்வேர்டு தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான். புது மோட்டார் என்று வாங்கிப் போட்டவனும் அவன்தான். அந்த பில்லை இவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, இவள் கையாலேயே கம்ப்யூட்டரில் ஏற்ற வைத்தவனும் அவன்தான். அக்காவே முடித்துவிட்டாள், இனி பயமில்லை என்றுதான் பையன் கதவைத் தொட்டிருக்கிறான். கலையரசன் தோளில் சாய்ந்து அழுததை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

ரிசார்ட்டின் மறைமலைநகர் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஸ்டான்லிக்குப் போன் போட்டாள்.

"ஸ்டான்லி, லிஸ்ட்ல ஜெபசிங் பேரு எப்டி வருது?"

"இன்னாக்கா சொல்ற? அந்த ஐடியே இல்லியே. நான்தான் லிஸ்ட்லேர்ந்து எடுத்தேன். இப்பக் கூட தேடிகினு கீறேன், ஒன்னும் வரல."

அவள் திரையில் வந்துகொண்டிருந்தது. அன்றைய ரீடிங், 2.10, பச்சை.

"எப்ப எடுத்த?"

"அந்த வெள்ளிக்கெழம சாயங்காலம். கலையரசன் சார் மெயிலு போட்ருந்தாரு. ஜெபசிங் வேலைய வுட்டுப் போயிட்டாரு, ஐடிய எடுத்துடுன்னு."

"அவன் செத்தப்புறம் போட்டாரா?"

"இல்லக்கா. அவரு செத்தது மத்தியானம்தான? மெயிலு காலைல பத்து மணிக்கே வந்துடுச்சி. நான்தான் லேட்டாப் பாத்தேன்."

கதவுக்கு வெளியே யாரோ நடந்து வரும் சத்தம். கைப்பிடி மெல்லத் திரும்பியது. தாழ் தடுத்தது.

"வரலு... உள்ளயா கீற?" கலையரசனின் குரல்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

போனில் ஸ்டான்லி பேசிக்கொண்டே இருந்தான்.

"இன்னாக்கா, சொல்லாமக் கொள்ளாம நீயும் கெளம்பிட்ட? கல்யாணத்துக்கோசரம் நின்னுடுறியாமே. உன் ஐடியையும் எடுக்கச் சொல்லி சாரு இன்னிக்கு காலைல பத்து மணிக்கு மெயிலு போட்டாரு."