நாகரத்தினத்தின் நம்பர் பொட்டி

நாகரத்தினம் கேட்டவருக்கு இல்லையென்று சொன்னவளல்ல. அரிசி, அம்மிக்குழவி, கல்யாணத்துக்குப் போட்டுப்போகச் சங்கிலி, எதையும் கொடுப்பாள். பிரிஞ்சாங் ஊருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் பிழைத்தார்கள். ஒரே ஒரு பொருளைத்தான் அவள் கைமாற்றவில்லை. அதற்காகத் திமிர் பிடித்தவள் என்றார்கள். திமிர்தான், இருந்துவிட்டுப் போகட்டுமே!

கொழுந்து பறிக்கும் தங்கம்மாவின் மகள் அவள். ஐந்தாம் படிவத்தோடு பள்ளி முடித்து, டைப்பிங் கற்று, தோட்டத்து ஆபீசில் சேர்ந்தாள். எண்பத்தெட்டில் கம்ப்யூட்டர் வந்தபோது தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி ராஜநாயகம் முதலில் கிட்டவே போகவில்லை. அவள் துணிந்து உட்கார்ந்தாள். ஆட்கள் விவரமெல்லாம் கோலாலம்பூர் தலைமை ஆபீசின் கம்ப்யூட்டரில் இருந்தது. டெலிபோன் வழியாகத்தான் அதற்குள் போகவேண்டும். அதுவும் நேராகப் போகமுடியாது. நடுவே ஈப்போவில் ஒரு மிஷின் காவல் நின்றது. நாம் கூப்பிட்டால் லைனை வெட்டிவிட்டு, தோட்டத்து நம்பருக்குத் தானே திருப்பிக் கூப்பிடும். பிறகு ரகசிய நம்பர் கேட்கும். தீப்பெட்டி அளவு கருவி ஒன்றில் அந்த நம்பர் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கொண்டிருக்கும். நம்பர் பொட்டி என்று அதற்குப் பேர் வைத்தார்கள். தோட்ட மேனேஜரான துரைக்கு ஒன்று, நாகரத்தினத்துக்கு ஒன்று. எந்தப் பொட்டியோடு உள்ளே போனாலும், செய்த காரியம் அந்தப் பொட்டிக்காரர் பேரில்தான் பதிவாகும்.

அந்த வருஷம் தேயிலை ஆலை ரோலரில் சிக்கித் தொழிலாளி சின்னையாவின் வலக்கை நசுங்கியது. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே அவர் நஷ்டஈடு கேட்டார், யூனியனையும் கூப்பிட்டார். ஒருநாள் ராஜநாயகம் நாகரத்தினத்தின் மேசைக்கு வந்தார். சின்னையா தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பதியவேண்டுமாம். பதிந்துவிட்டால் நஷ்டஈடும் இல்லை, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் இல்லை.

"நான் பதிய மாட்டேங்கய்யா. அவரு ஆஸ்பத்திரியில கெடக்காரு."

"நீ பதிய வேணாம்லா. பொட்டிய குடு, நான் பாத்துக்கறேன். நீ போயி தேத்தண்ணி குடிச்சிட்டு வா."

"குடுக்க மாட்டேன்."

ராஜநாயகம் பழைய கதையை எடுத்தார். "உங்கம்மா காய்ச்சல்ல கெடந்தப்ப, உன் சின்னம்மா பெரட்டுல நின்னு தங்கம்மான்னு பேரு குடுத்தா. நாங்க யாராச்சும் கேட்டோமா? இப்ப மட்டும் என்னா பெரிசா?"

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒருத்திக்காக இன்னொருத்தி நிற்பது ஊரறிந்த வழக்கம்தான். ஆனால் அதை இவர் வாயால் கேட்டதும் அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"சின்னம்மா எங்கம்மா பொழப்ப காப்பாத்த நின்னாங்க. நீங்க என் பேர்ல நின்னு சின்னையா பொழப்புல மண்ண போடப் பாக்குறீங்க!"

துரை அவளைக் கூப்பிட்டனுப்பினார். சொன்னதைக் கேட்காதவளுக்கு ஆபீசில் இடமில்லை என்று மலாய் மொழியில் அதட்டினார். துரையிடமும் ஒரு பொட்டி இருக்கிறதே, துரை பேரிலேயே செய்துகொள்ளலாமே என்று அவளும் மலாயிலேயே கேட்டாள். துரைக்குச் சட்டென்று ஜன்னல் பக்கம் வேலை வந்துவிட்டது.

ஆபீஸ் வேலை போய், மறுநாள் அவள் கொழுந்துக் கூடையோடு மலைக்கு ஏறினாள். தங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "குடுத்துத் தொலைச்சிருக்கலாமேடி!"

"குடுத்திருந்தா சின்னையா பொண்டாட்டி மூஞ்சில நீ முழிப்பியாம்மா?"

தங்கம்மா மகளின் தலைத்துணியை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

அவள் பொட்டி ரத்தாகி, தலைமை ஆபீசிலிருந்து ராஜநாயகம் பேருக்கே புதுப் பொட்டி வந்தது. சின்னையாவும் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப்போட்ட கையோடு தன் வீட்டுக்கே வந்துசேர்ந்தார். நாள்கள் போயின. அவரை யாரும் காலிபண்ணச் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் ராஜநாயகம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்தார். பெண்கள் வரிசையாக நின்றார்கள். நாகரத்தினம் கூடையைத் தராசில் மாட்டிவிட்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அய்யா, பொட்டி இப்ப உங்க பேர்லதான இருக்கு? சின்னையாவும் வீட்டுலதான் இருக்காரு. நம்பர அமுக்கிப் பதியறதுதான!"

ராஜநாயகம் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிவரை அவர் அமுக்கவில்லை.