சாம்பிள் பார்த்துப் போட்ட கையெழுத்து

செல்விக்குக் களவாணிங்கற பேர் வந்ததுக்குக் காரணம் நான் போட்ட ஒரு கையெழுத்து. வெள்ளிக்கு டச், அதாவது சுத்தம் எவ்வளவுன்னு, பாக்கற வேலைக்குப் புதுசா வர்றவங்க தெரிஞ்சுக்கணும்னு எழுதறேன்.

நல்லூர்ல ஒரு பனியன் கம்பெனி. பத்து வருசம் வேலை பாத்தவங்களுக்கு தீபாவளிக்கு நூறு கிராம் வெள்ளிக் கட்டி குடுக்கறது அங்க வழக்கம். நாப்பது கட்டி, ஒவ்வொண்ணும் பிளாஸ்டிக் அட்டைக்குள்ள சீல் வெச்சு வந்திருந்துச்சு. அசலான்னு பாத்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டாங்க. எல்லாத்தையும் பிரிக்கணும்னேன். மேனேஜர் சிரிச்சார்.

"சீல் பிரிச்சா கிப்ட் மாதிரியே இருக்காதுங்க. ஒரு பீஸ் பாத்து அப்ரூவல் குடுங்க. நம்மூர்ல சாம்பிள் ஓகேன்னா பல்க் ஓகேதானுங்க?"

மேல இருந்த ஒண்ணை அவரே எடுத்துக் குடுத்தார். சுத்த வெள்ளி. நாப்பதும் சரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புத்தி கெட்ட வேலை.

கார்த்திகை முடியறப்ப செல்வி என் பட்டறைக்கு வந்துச்சு. அந்தக் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கட்டியை உருக்கி மகளுக்குக் கொலுசு பண்ணணும்னு கேட்டுச்சு.

சீலைப் பிரிச்சு உரைகல்லுல உரசினேன். வெள்ளிதான். எடை நூறு கிராம். ஆனா கைக்குக் கொஞ்சம் தடிமனாப் பட்டுச்சு. நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள தொங்க விட்டு எடை பாத்தேன். வெள்ளின்னா ஒம்பதரை கிராம் குறையும். இது பதினொண்ணுக்கு மேல குறைஞ்சுது. ஓரத்தை அரத்தால ராவினேன். வெள்ளி முலாம், உள்ள செம்பு.

செல்வி கம்பெனியில போய்க் கேட்டுச்சு. மேனேஜர் தையல் லைன்ல அத்தனை பேர் முன்னாடியும் என் காகிதத்தைத் தூக்கிக் காட்டினாராம். "இது டெஸ்ட் பண்ணின கட்டி. நீ மாத்திக் கொண்டாந்துட்டு இங்க பேசறியா? நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

மூணு நாள் கழிச்சு செல்வி எங்கிட்ட வந்துச்சு. அழுகல. "அண்ணாச்சி, பதினோரு வருசத்துல ஒரு நூல்கண்டு எடுத்துட்டு வந்ததில்ல. உங்க கையெழுத்தைக் காட்டி என்னைக் களவாணின்னு சொல்லுதாவ."

தராசு, டம்ளர், அரம் எல்லாம் எடுத்துட்டு, செல்வியையும் கூட்டிட்டு அப்பவே கம்பெனிக்குப் போனேன். ஊருக்குப் போனவங்களோட மூணு கட்டி இன்னும் ஆபீஸ் பீரோவுல இருந்துச்சு. சீல் பிரிக்கக் கூடாதுன்னு மேனேஜர் குறுக்க நின்னார். எனக்கு வந்ததே கோவம்.

"ஏனுங்க, ஒரு அட்டைக்கு இருக்கற மரியாதை இந்தப் புள்ளைக்கு இல்லீங்களா?"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "பிரிங்க"ன்னார். மூணுல ரெண்டு செம்பு.

"வித்தவனை நான் பாத்துக்கறனுங்க. அந்தப் புள்ளைக்கு நல்ல கட்டியாக் குடுத்திருங்க. விசயம் வெளிய போக வேண்டாம்"னார் முதலாளி.

செல்வி கை நீட்டல. "லைன்ல வச்சுத்தான சொன்னாரு. அங்கயே வந்து நான் எடுக்கலன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் எனக்கு எதுவும் வேண்டாம்."

மேனேஜர் லைன் பக்கம் நகரல. விட்டா சாயங்காலம் வரைக்கும் அப்படியே நின்னிருப்பார். நானே லைனுக்குள்ள போய் மெஷினை நிறுத்தச் சொன்னேன். "ஒண்ணைப் பாத்துட்டு நாப்பதுக்கும் கையெழுத்துப் போட்டவன் நானுங்க. இந்தப் புள்ள எதையும் மாத்தல. உங்க ஊட்டுல இருக்கற கட்டியையும் கொண்டாங்க, பாத்துச் சொல்றேன்." அதுக்கப்புறம்தான் மேனேஜர் வாயைத் திறந்து, தான் சொன்னது தப்புன்னார்.

இப்பெல்லாம் எத்தனை கட்டியைத் தண்ணியில தொங்க விட்டேனோ, அத்தனைக்கு மட்டும்தான் எழுதிக் குடுக்கறேன். சாம்பிள்னு எவனாச்சும் பேச்செடுத்தா தராசை மூடிருவேன்.

முதலாளி குடுத்த நல்ல கட்டியில நானே கொலுசு பண்ணினேன். வாங்க வந்த செல்வி அதைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அப்புறம் எங்கிட்டயே நீட்டுச்சு.

"தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி. இதையும் தண்ணியில போட்டுக் காட்டிருங்க."

நூலை எடுத்துக் கட்டினேன்.